ஆழம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நலம் விசாரித்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும் என்று அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இந்த ஒரு கடிதத்தில் மட்டும் அதைத் தலைகீழாக்குகிறேன். நீ பதிவுத் தபாலில் அனுப்பிய சம்மதப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இன்றைக்கும் மாட்டேன், அடுத்த மாதமும் மாட்டேன். இப்போது கேட்கிறேன். நீயும் அண்ணியும் சௌக்கியமா? உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மேற்கொண்டு படிக்குமுன் மாத்திரையைப் போட்டுக்கொள்.

பத்திரத்தை நான்கு தடவை படித்தேன். அப்பா விட்டுப்போன செங்கல் சூளை நிலத்தில், மண் வெட்டிய பெரிய குழியைக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிச் சமப்படுத்துவதில், நிலத்தின் பாதிச் சொந்தக்காரியான எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லையாம். நிரப்பிய பிறகு அங்கே கிடங்கு கட்ட ஆள் தயாராம். எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதை என்னிடம் கேட்காமலே டைப் அடித்து அனுப்பிய உன் தைரியத்தை மெச்சிக்கொள்கிறேன். நம் வீட்டு ரத்தம்தான்.

கூடவே மூன்று பக்கம் அறிவுரை. சூளை முதலாளியின் மகள் முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்குவதைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்று சித்தப்பா மகன் உனக்குப் போன் போட்டுச் சொன்னானாம். அவனுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அண்ணா. நான் டிராக் சூட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போன முதல் நாளும் இதே ஊர்தான் சிரித்தது. அதற்குப் பிறகு முப்பத்துநான்கு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளை விசில் ஊதி ஓடவைத்தேன். அதிகமாகச் சிரித்தவர்களின் பிள்ளைகள் ஒரு சுற்று அதிகமாகவே ஓடினார்கள்.

இந்த வயதில் மூட்டு என்னாகும் என்று கேட்டிருக்கிறாய். வலிக்கிறது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது. அங்கே வலித்தால் காரணமாவது இருக்கிறது.

இதில் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நான் ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், ரிட்டயர்டான சர்வேயர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அவர், பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, ஒரு வெல்டர், இன்னும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நிலக் காப்புக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் ஓடையோரம் முள்மரம் பிடுங்கி, பழைய நாணலையும் கோரையையும் திரும்ப நட்டு, பறவையும் தவளையும் வருவதற்கு இடம் பண்ணுகிறார்கள். கூலி கிடையாது, டீ மட்டும் உண்டு. நம் குழி ஓடைக்குப் பக்கத்தில் இருப்பதால் உள்ளே வர அனுமதி கேட்டார்கள். முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்தியதற்குக் காரணம் உனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, அவர்கள் வேலி தாண்டி உள்ளே வந்திருந்தால் விரட்டலாம் என்று விசிலும் கையுமாகப் போனேன். ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை. வேலிக்கு வெளியே ஓடைக்கரையில் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டைக்குப் போனவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. நர்ஸ் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். உள்ளே விட்டால் என்ன செய்வீர்கள் என்று சர்வேயரிடம் சும்மா கேட்டுவைத்தேன். அவர் வேலி வழியாகக் குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முதல்ல இந்தக் கரையை உடைப்போம்மா. இப்படி நெட்டுக்குத்தா இருந்தா, உள்ள விழுந்த தவளைகூட ஏறி வர முடியாது.”

அவருக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. வெளியூர்க்காரர். தவளையைப் பற்றித்தான் பேசினார். நான் அந்த இடத்திலேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து நர்ஸ் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் காலை வேலிச் சாவியைக் கொண்டுபோய் சர்வேயரிடம் கொடுத்தேன்.

இனி, நாற்பத்தொன்பது வருஷமாக நீயும் நானும் ஒருவருக்கொருவர் எழுதாததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போ. நம் சின்னவள் அந்தக் குழியில்தான் போனாள். அவளுக்கு ஆறு, எனக்குப் பத்து, உனக்குப் பதின்மூன்று. மழை விட்டிருந்த மத்தியானம். அப்பா உன்னைக் காய்ந்த செங்கல்லை அடுக்கச் சொல்லிவிட்டு, அப்படியே அவளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தேன். அவள் விழுந்ததும் நீ குதித்ததும், சுவர் மாதிரி செதுக்கியிருந்த அந்தக் களிமண்ணில் உன்னாலும் ஏற முடியாமல் இரண்டு ஆட்கள் கயிறு போட்டு உன்னை இழுத்ததும் நான் காதால் கேட்டவை. கண்ணால் பார்த்தது ஒன்றுதான். ஒரு வாரம் உன் பத்து நகக்கண்ணிலும் செம்மண் இருந்தது. அம்மா கழுவ வந்தால் கையை இழுத்துக்கொண்டாய்.

அதனால் குழியை ஏன் மூடச் சொல்கிறாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நீ காசுக்குப் பறக்கிறவன் கிடையாது. கிடங்கு ஒரு சாக்கு. ஆனால் அதை மூடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மேலே லாரி போகும், நமக்குள் அதே நெட்டுக்குத்துக் கரை அப்படியே இருக்கும். எனக்கு அது ஒப்பவில்லை.

பதினோரு மாதமாக என்ன செய்திருக்கிறோம் என்று கேள். கோடையில் தண்ணீர் இறங்கியதும் குழுவுக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு விடுமுறை நாட்களுக்குத் தன் புல்டோசரைத் தந்தார். கிழக்குக் கரையையும் தெற்குக் கரையையும் உடைத்துத் தள்ளினோம். மீதியை மண்வெட்டியால் சரித்தோம். மண் வழுக்கிக்கொண்டு போகாமல் நார்ப்பாய் விரித்து முளையடித்தோம். ரயில் பாதை ஓரத்துப் பள்ளத்திலிருந்து புல்விதையைப் பழைய தலையணை உறைகளில் சேகரித்து, என் வீட்டுக் குளியலறையில் நாற்று விட்டேன். மூன்று மாதம் நான் வாளியைக் கொல்லையில் வைத்துக் குளித்தேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

நீ அனுப்பிய பத்திரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கம் காலியாக இருந்தது. கரை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படிச் சரிகிறது என்று அதில் படம் போட்டிருக்கிறேன். பென்சிலை நன்றாகச் சீவித்தான் போட்டேன். பார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சொன்னபடி கேட்காத
உன் தங்கை


சனி, காலை

அண்ணாவுக்கு,

‘அன்புள்ள’ விட்டுப்போனது மறதியால் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதப் போனேன், கை வரவில்லை.

போன கடிதத்துக்கு ஐந்து வாரமாக நீ பதில் போடவில்லை. யோசிக்கிறாய் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். பதிலை லாரியில் அனுப்புவாய் என்று தெரியாமல் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. நான், நர்ஸ், வெல்டர் மூவரும்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். வெல்டருக்குக் குழுவில் ‘மௌனம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம், வாய் ஓயாமல் பேசுவதால். அன்று அந்த ஆளே வாயடைத்து நின்றுவிட்டார். வேலியின் பூட்டு அறுக்கப்பட்டிருந்தது. இரண்டு லோடு ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது. தெற்குச் சரிவு, அண்ணா. மூன்று வாரமாக ஓர் அடிக்கு ஒன்றாகக் கோரை நட்ட இடம். அதன்மேல் யார் வீட்டுச் சுவரோ, ஸ்விட்ச் போர்டோடு கிடந்தது. உடைந்த வாஷ்பேசின், ஓடு, கம்பி. அடியில் எங்கள் முந்நூறு குத்துக் கோரை.

மூன்றாவது லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, சட்டைக்குள் இருந்த விசிலை எடுத்து ஊதினேன். மைதானத்தின் கடைசி மூலைக்குக் கேட்கிற ஊதல். லாரி குலுங்கி நின்றது. இறங்கி வந்த டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து மறைத்தான். விசில் கேட்டதும் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது டீச்சர் என்றான். எட்டாம் வகுப்பில் விளையாட்டுப் போட்டியில் இரும்புக் குண்டு எறிந்தவன். முகத்தை மறந்துவிட்டேன், தோள் ஞாபகம் இருந்தது.

பிறகு காண்டிராக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இடிபாடு ஏற்றுகிறவர். முரட்டு ஆள் என்று சொல்லமாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். குழியை நிரப்ப நிலத்தின் சொந்தக்காரர் சம்மதம் என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. போலிக் கையெழுத்தா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றேன். அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கிய என் ரிப்போர்ட் கார்டில், அப்பாவுக்குத் தெரியாமல் நீ போட்ட அதே கையெழுத்து.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாரியின் பின்சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் இரவு டியூட்டி முடித்து நேராக வந்தவள், அப்படியே சாய்ந்து பத்து நிமிஷம் தூங்கிவிட்டாள். மௌனத்துக்குப் பேச்சுத் திரும்பிவந்து எல்லாருக்கும் போன் போட்டார். ஒன்பது மணிக்குப் பதினொரு பேர் ஆகிவிட்டோம். எவ்வளவு நேரம்தான் உட்காருவீங்க என்று காண்டிராக்டர் கேட்டார். முப்பத்துநாலு வருஷம் வெயிலில் நின்றே சம்பளம் வாங்கியவள், உட்கார்வது எனக்கு ஓய்வு என்று சொன்னேன். மத்தியானம் லாரி ஏற்றிவந்ததை ஏற்றியபடியே திரும்பிப் போனது.

மறுநாளே நில அலுவலகத்தில் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். நேற்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் மேஜை, மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிய ஒரு பெண் அதிகாரி. ஒரு பெஞ்ச்தான் இருந்தது. காண்டிராக்டரும் நானும் கல்யாண போட்டோ மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

அவரை முதலில் பேசச் சொன்னார்கள். இடத்தின் சொந்தக்காரரே கேட்டுக்கொண்டதால் வந்தேன் என்றார். குழி ஆபத்தானது என்றார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, “அந்தக் குழியில ஒரு குழந்தை செத்திருக்கும்மா. மூடுறது புண்ணியம்” என்றார்.

அவருக்கு அதை யார் சொன்னது, அண்ணா? சூளையில் வேலை பார்த்தவர்களில் இன்று உயிரோடு யாரும் இல்லை. சித்தப்பா மகன் அப்போது பிறக்கவே இல்லை, அவன் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்ததில்லை. அப்பா சாகிறவரைக்கும் அவள் பெயரைச் சொல்லவில்லை. நீயும் நானும் ஒரே அறையில் இருந்துகொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடம் பேச முடியாததை, முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரரிடம் போனில் சொல்லியிருக்கிறாய். கையெழுத்தை மன்னித்துவிடுவேன். இதற்குத்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே பேசலாம் என்று அதிகாரி சொன்னார். எனக்கு நின்றுதான் பேச வரும். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.

“அந்தக் குழந்தை என் தங்கச்சி. அவளைச் சாட்சிக்குக் கூப்பிடற உரிமை இவருக்குக் கிடையாது, எனக்குத்தான் இருக்கு. குழியில தண்ணி இருந்ததால அவ சாகல. கரையை எங்கப்பா சுவர் மாதிரி வெட்டி வச்சிருந்தாரு. அதுல பெரியவங்களே ஏற முடியாது. ஒரு பதிமூணு வயசுப் பையன் குதிச்சு, அவனாலயும் ஏற முடியல. தப்பு அந்தக் கரை மேல. அதை நான் உடைச்சிட்டேன். வேணும்னா இப்பவே வந்து பாருங்க.”

என்னோடு வந்திருந்த சர்வேயர் கொடுத்த வரைபடத்தை அதிகாரி மேஜையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எத்தனை அடிக்கு எத்தனை அடி சரிவு என்று கேட்டார். எட்டுக்கு ஒன்று என்று சர்வேயர் சொன்னதும் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டார். இரண்டு சொந்தக்காரரும் கையெழுத்துப் போடாமல் ஒரு கூடை மண்கூட உள்ளே போகக் கூடாது, கொட்டியதைப் பதினைந்து நாளில் அள்ளிவிட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்துவிட்டார். நகல் இணைத்திருக்கிறேன்.

ஆக, நீ எத்தனை காகிதம் கொடுத்தாலும் என் கையெழுத்து இல்லாமல் நடக்காது. என் கையெழுத்து கிடைக்காது. மறுபடியும் லாரி வந்தால் மறுபடியும் உட்காருவேன். அடுத்த தடவை மணைப்பலகை எடுத்துக்கொண்டு போவேன், செவ்வாய்க்கிழமை உட்கார்ந்ததில் கல் குத்திவிட்டது.

கோபத்தில் எழுதியிருக்கிறாள் என்று அண்ணி சொல்வார். ஆமாம், கோபத்தில்தான். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நீ காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போவாய், எனக்குத் தெரியும். மூடிக்கொள்.

தங்கை


ஞாயிறு, காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உறையைப் பிரித்து, உள்ளே ஒரே ஒரு வரி இருப்பதைப் பார்த்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். “இப்போது ஆழம் எவ்வளவு?” அவ்வளவுதான். கையெழுத்துகூட இல்லை.

அன்று சாயங்காலமே அண்ணி போன் செய்தார். என் இரண்டாவது கடிதத்தை நீ சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாயாம், சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறாயாம். இரண்டு மாதமாக வீட்டில் அதிகம் பேச்சில்லையாம். நான் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேனோ என்று அண்ணியைக் கேட்டேன். இல்லை, இன்னும் எழுது என்றார். அந்த அம்மாளை எனக்கு இப்போதுதான் சரியாகத் தெரிகிறது.

கேட்ட கேள்விக்கு உடனே பதில் எழுதியிருக்கலாம். சர்வேயரின் வரைபடத்தில் எண்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நீ கேட்டது வரைபடத்தைப் பற்றி இல்லை என்று தோன்றியது. அதனால் நேற்று காலை நானே இறங்கி அளந்தேன். மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிறைந்து நிற்கிற நேரம், இதற்குமேல் ஏறாது. நீச்சல் தெரிந்தும் என் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். ஒரு நுனி நர்ஸ் கையில், இன்னொரு நுனி மௌனம் கையில். ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று அவர் கத்திய கத்தலில் நீர்க்கோழி எல்லாம் அக்கரைக்குப் போய்விட்டது. கையில் சர்வேயரின் அளவுகோல்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். எனக்கு ஜாணும் முழமும் ஒன்றில்லை. ஒவ்வொரு ஜாணையும் அளந்து உனக்கு எழுதுகிறேன்.

தெற்குக் கரையிலிருந்து தண்ணீருக்குள் இரண்டாவது எட்டில் கணுக்கால். ஏழாவது எட்டில் முழங்கால். தரை வழுக்கவில்லை, கோரை வேர் பிடித்திருக்கிறது, கால் அழுந்தினால் பாய்மேல் நிற்பது போலிருக்கிறது. எட்டாவது எட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது இடுப்பளவு. அங்கிருந்து திரும்பிக் கரையைப் பார்த்தேன். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், திரும்பி எட்டு எட்டு நடந்தால் போதும். பதின்மூன்றாவது எட்டில் எனக்கு இடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் நாணல் அடர்த்தியாக நிற்கிறது, அதை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும், யாரும் தெரியாமல் தாண்டிப்போக முடியாது. நடுவில் என் கழுத்து வரை வந்தது. பொய் சொல்லமாட்டேன், நடுவில் ஆழம் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் அது குறைந்துகொண்டே வருகிறது. முன்பு அப்படி இல்லை.

எந்தப் பக்கமும் என்று எழுதியது தவறு. வடக்குப் பக்கத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அங்கே பன்னிரண்டு அடி நீளத்துக்கு அப்பா வெட்டிய பழைய கரை அப்படியே நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதையும் உடைத்தே தீருவேன் என்று நான் கடப்பாரையோடு போனபோது, சர்வேயர் குறுக்கே நின்றார். மண் சுவர் முழுக்க எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்குத் துளைகள். பஞ்சுருட்டான் குருவிகள் நெட்டுக்குத்துக் கரையில்தான் துளை போட்டு முட்டையிடுமாம். நான் அவரோடு மூன்று நாள் சண்டை போட்டேன். அவளை ஏறவிடாத சுவர் இது, எந்தக் குருவிக்காகவும் விடமாட்டேன் என்று சொன்னேன். அதற்குள் எல்லோருக்கும் நம் கதை தெரிந்திருந்ததால் மற்றவர்கள் என்னை எதிர்க்கவில்லை. கடைசியில் நர்ஸ்தான் ஒரு வழி சொன்னாள். சுவரை விடுவோம், சுவருக்குக் கீழே தண்ணீர் நிற்காமல் செய்வோம். முப்பது அடி அகலத்துக்கு, மற்றக் கரைகளில் உடைத்த மண்ணையே போட்டு மேடாக்கினோம். இப்போது அந்தச் சுவரடியில் வெறும் காய்ந்த தரை. நான் தோற்றேனா ஜெயித்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் பச்சையும் செம்பழுப்புமாக நாற்பது குருவி அந்தச் சுவரிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும்போது திட்டுவதற்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

காண்டிராக்டர் ஒரு லோடை அள்ளிக்கொண்டு போனார். இன்னொன்றுக்கு லாரி கிடைக்கவில்லை என்று சாக்குச் சொன்னார். பதினாறாம் நாள் வரை பார்த்தேன், பிறகு நாங்களே கையால் அள்ளினோம். குண்டு எறிகிறவன் தன் லாரியை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தான். அவன் பெண்டாட்டியும் வந்தாள், இப்போது வாராவாரம் வருகிறாள். அடியில் நசுங்கிக் கிடந்த கோரையில் பாதி செத்துவிட்டது. பாதி மஞ்சளாக மடங்கிக் கிடந்து, வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்துகொண்டது. செத்த இடத்தில் மறுபடியும் நட்டாயிற்று.

நிலத்தைப் பற்றி. நமக்குள் இழுபறி வேண்டாம். பிரித்துக்கொள்வோம். ரோட்டுப் பக்கம் சமதரையாக இருக்கிற சூளை முற்றம் உனக்கு. அதில் நீ கிடங்கு கட்டு, கப்பல் கட்டு, நான் கேட்கமாட்டேன். குழியும் ஓடைக்கரையும் எனக்கு. முற்றம்தான் மதிப்பான பங்கு, எடுத்துக்கொள். குழியை மட்டும் உன்னிடம் விடமாட்டேன். எனக்குப் பிறகு அது குழுவின் பொறுப்பில் போகும்படி எழுதி வைக்கிறேன், யாரும் அதில் ஒரு கூடை மண் கொட்ட முடியாதபடி. இதில் பேரம் கிடையாது. நீ கோபித்துக்கொண்டாலும் கிடையாது.

இதெல்லாம் எழுதிவிட்டேன், எழுத வந்தது இன்னும் பாக்கி இருக்கிறது.

பதினெட்டு வயதில் இந்த ஊரை விட்டுப் போனாய். அப்பாவின் காரியத்துக்கும் அம்மாவின் காரியத்துக்கும் வந்தாய். இரண்டு தடவையும் ஸ்டேஷனிலிருந்து சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தாய், சூளை ரோடு வழியாக வந்தால் பாதி தூரம். நான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஒரு தடவை வா, அண்ணா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. காலை ஒன்பது மணி போல நல்ல வெளிச்சத்தில் போகலாம். குழுவில் யாரையும் அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மௌனத்தை வீட்டில் பூட்டியே வைக்கச் சொல்கிறேன். செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு நான் முன்னால் இறங்குகிறேன், நீ நான் வைத்த இடத்தில் கால் வைத்து என் பின்னால் வா. எதைப் பற்றியும் பேச வேண்டாம். எட்டாவது எட்டு வரை போதும். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்.

பிறகு நீயாகத் திரும்பி நட. நான் கை கொடுக்கமாட்டேன், கயிறும் தேவைப்படாது. அந்தக் கரையில் உன்னால் ஏறி வர முடியும், அண்ணா.

தெற்குக் கரையில் நிற்கும்
உன் தங்கை